கடல்நீரில் முட்டை மிதக்குமா?

உப்புத் தண்ணீரில் முட்டை மிதக்கும் என்று சிறுவர் அறிவியல் புத்தகங்கள் பலவற்றில் இருக்கிறது. அதை நம்பி உப்புவெளிக் கடற்கரையில் ஒரு போத்தல் கடல்நீர் அள்ளிவந்து, புது முட்டையொன்றைப் போட்டுப் பாருங்கள். நேரே அடிக்குப் போய்விடும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்புத்தான் இருக்கிறது. முட்டையைத் தூக்க அது காணாது. லீற்றருக்கு 120, 150 கிராம் என்று உப்புச் சேர்ந்தால்தான் முட்டை மேலே வரும். நிலாவெளி உப்பளத்தில் வெயில் பட்டு வற்றி, உப்பு விளையப்போகிற பாத்தியின் நீர் என்றால் தாராளமாக மிதக்கும்.

அன்புவழிபுரம் திருகோணமலைப் பட்டினத்தை ஒட்டிய ஊர். கடலும் அதிக தூரமில்லை, உப்பும் மலிவு. அங்கே முன்பள்ளி நடத்துகிற ஒரு ரீச்சருக்கு இந்த ஒரு முட்டை போதும், ஒரு வாரப் பாடம் நடத்திவிடலாம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் கேள்வி. முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "போட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்க வேண்டும். மிதக்கும் என்பவர்கள் சுவர்ப் பக்கம், தாழும் என்பவர்கள் வாசல் பக்கம் போய் நிற்கட்டும். நாலு வயதுப் பிள்ளைக்கு இது முக்கியமான நேரம். கூட்டாளி போன பக்கமே தானும் போகிறதா, தனக்குத் தோன்றிய பக்கம் தனியாக நிற்கிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதன் பிறகுதான் முட்டை தண்ணீருக்குள் போக வேண்டும். ஊகம் சொல்லாமல் பார்க்கிற பிள்ளைக்கு அது வெறும் வேடிக்கை. ஊகம் சொன்ன பிள்ளைக்கோ தன் சொல் பலிக்குமா என்ற பதைப்பு இருக்கும், ஆகவே கண்ணை எடுக்காது.

அரை லீற்றர் தண்ணீருக்கு மேசைக்கரண்டியால் நாலைந்து கரண்டி தூளுப்பு பிடிக்கும். ஆளுக்கொரு கரண்டி போடட்டும். கலக்கும்போது முட்டையை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரண்டி பட்டு உடையும். மூன்றாவது, நான்காவது கரண்டிக்குப் பிறகு உன்னிப்பாகப் பார்த்தால் முட்டை சட்டென்று எழும்பாது. மொத்தமான பக்கம் மட்டும் மெல்ல நிமிரும், ஏனென்றால் காற்றறை அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இன்னொரு கரண்டி போட்டால் மேலே வந்து, ஒரு நாணயத்தின் அளவுக்கு ஓட்டை வெளியே காட்டிக்கொண்டு நிற்கும்.

இந்த இடத்தில் பெரியவர்கள் எல்லோருக்கும் வாய் துடிக்கும். அடர்த்தி, மேலுதைப்பு என்று தொடங்கிவிடுவோம். வேண்டாம். சுவிற்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே செய்துகாட்டிய ஒரு சோதனையை நீங்களே வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரே அளவான இரண்டு கிளாஸ்களில் சமமாகத் தண்ணீர் வையுங்கள். ஒன்றிலிருப்பதைப் பிள்ளையின் கண்முன்னே ஒடுங்கிய உயரமான கிளாஸில் ஊற்றுங்கள். எதில் கூட என்று கேட்டால், நாலைந்து வயதில் பெரும்பாலான பிள்ளைகள் உயரமானதைக் காட்டும். நீங்கள் எவ்வளவு விளக்கினாலும் தலையாட்டிவிட்டுத் திரும்பவும் அதையே காட்டும். ஏறத்தாழ ஏழு வயதில்தான் அந்தப் பிடி தளரும். தண்ணீரின் அளவே பிடிபடாத வயதில் அடர்த்தியைச் சொல்லிக்கொடுத்தால், பிள்ளை அதை ஒரு மந்திரம்போல ஒப்புவிக்கும், அவ்வளவுதான். முன்பள்ளி அறிவியலில் விளக்கத்துக்கு இடம் குறைவு. எதிர்பார்த்ததற்கும் கண்டதற்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் இடம் அதிகம்.

அந்த வித்தியாசம் வேலை செய்யும் விதம் சுவையானது. "பெரியது தாழும், சின்னது மிதக்கும்" என்பது இந்த வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கட்டிக்கொள்ளும் விதி. அதை மறுத்துப் பேச வேண்டியதில்லை. ஒரு தேங்காயையும் ஓர் ஆணியையும் வாளிக்குள் போட்டால் போதும். உடனே "இரும்பு தாழும்" என்று விதியை மாற்றிக்கொள்வார்கள். அப்போது துறைமுகத்தை நினைவூட்டலாம். சீனக்குடாவில் பிரீமா மாஆலைக்குக் கோதுமை கொண்டுவருகிற கப்பல்கள் இரும்புதானே? அதைக் கேட்டதும் கொஞ்சம் அமைதி வரும். பிறகு ஒரு களிமண் உருண்டையைக் கொடுங்கள். உருண்டையாகப் போட்டால் தாழ்கிறது, அதே களியைச் சிரட்டைபோலக் குழித்துப் போட்டால் மிதக்கிறது. உள்ளே எத்தனை கச்சான்கொட்டை ஏற்றினால் தாழும் என்று எண்ணத் தொடங்கினால், கணிதப் பாடமும் அதற்குள்ளேயே வந்துவிடும். கச்சான் மூக்குக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது ரீச்சரின் பாடு.

இது புதிய யோசனை அல்ல. ஜெர்மனியில் ஃபிரீட்ரிக் ஃபுரோபல் 1840இல் தன் பள்ளிக்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தபோதே மரக்கட்டை, பந்து, தோட்டவேலை என்றுதான் தொடங்கினார். மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர் காரணமாக இந்தியாவிலேயே தங்கி, கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். எழுத்தைக்கூட அவர் சொரசொரப்பான தாளில் வெட்டிய வடிவத்தை விரலால் தடவவைத்துத்தான் தொடங்கினார். இன்று அவர் பெயர் மட்டும் பல பெயர்ப்பலகைகளில் இருக்கிறது, உள்ளே மூன்று வயதுப் பிள்ளை கொப்பியில் பக்கம் பக்கமாக 'அ' எழுதிக்கொண்டிருக்கிறது.

மாரி காலத்துக்கு வேறொரு பாடம் இருக்கிறது. மழைக்குப் பிறகு முற்றத்தில் கிடக்கிற சிரட்டையிலோ பழைய டயரிலோ நிற்கும் தண்ணீரைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, வாயைத் துணியால் கட்டிப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். நுளம்புக் குடம்பிகள் தலைகீழாகத் தொங்கும். வாலை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு அதன் வழியாக மூச்சு விடுகின்றன. போத்தலுக்கு மேலே கையைக் கொண்டுபோய் நிழல் விழுத்தினால் எல்லாம் நெளிந்துகொண்டு கீழே ஓடும், கொஞ்சத்தில் மூச்சுக்காகத் திரும்பவும் வரும். பிள்ளைகள் இதை அலுக்காமல் பார்ப்பார்கள். அன்றைக்கே நண்பகலுக்கு முன் அதைச் சுடுமணலில் ஊற்றிவிட வேண்டும், வைத்து வளர்க்கக் கூடாது. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் போதும். டெங்கு நுளம்பின் முட்டைகள் பாத்திரச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் மாதக்கணக்கில் சாகாது. ஆகவே தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உரசிக் கழுவவும் வேண்டும். 2017இன் தொடக்கத்தில் குடாவின் மறுபக்கத்துக் கிண்ணியாவில் டெங்கு பரவியதை இந்த மாவட்டம் மறந்திருக்காது. அந்த ஆண்டு நாடு முழுவதும் ஏறத்தாழ 186,000 பேர் நோயுற்றதாகப் பதிவானது. போத்தலில் குடம்பியைப் பார்த்த பிள்ளை வீட்டில் பூச்சாடித் தட்டைக் காட்டி அம்மம்மாவை நச்சரித்தால் அது நல்ல நச்சரிப்பு.

நிழலைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு, ஆனால் அதை வீட்டாரிடம் விடுவதுதான் சரி. சித்திரைப் புத்தாண்டுக்கு ஓரிரு நாள் முன்பும் ஆகஸ்ட் கடைசியிலும் திருகோணமலையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். பகல் 12 மணி தாண்டி ஐந்தாறு நிமிடத்தில், முற்றத்தில் நிமிர்த்தி வைத்த போத்தலுக்கு நிழலே இருக்காது. அந்த நேரத்துக்கு முன்பள்ளி விட்டிருக்கும், சித்திரையில் விடுமுறையே வந்துவிடும்.

இனி, பெற்றோர் கேட்கும் கேள்வி: "கொப்பியில் ஒன்றும் எழுதவில்லையே, நாளைக்குத் தரம் 1இல் என்ன செய்யும்?" தரம் 1இலேயே 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்று ஒரு பாடம் இருக்கிறது, அங்கேயும் இதே தண்ணீர், செடி, வெயில்தான் வரும் என்று சொல்லலாம். அதைவிட, பிள்ளையைக் கூட்டிப்போக வருகிறவர்கள் பார்க்கும்படி படலையில் ஒரு தாள் ஒட்டுவது பயன் தரும். "இன்று தோடம்பழத்தை உரிக்காமல் ஒன்றும் உரித்து ஒன்றுமாகத் தண்ணீரில் போட்டோம். எது தாழ்ந்தது என்று பிள்ளையிடம் கேளுங்கள்." அவ்வளவு போதும். விடையை நானும் இங்கே எழுதவில்லை. தோடம்பழம் கடையில் இருக்கிறது.