நுழைவாயிலில் காற்றை ஆளுதல்

ஓடும் பேருந்தின் சன்னலுக்கு வெளியே கை நீட்டியவர், காற்றும் ஒரு சுவரே என்பதை அறிவார். ஒலியைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் விரையும் அதிமீயொலி விமானத்திற்கோ, அச்சுவரே மூச்சுமாகும். அம்மூச்சை எஞ்சினுக்குள் ஒழுங்குற செலுத்துவது எங்ஙனம் என்பதையே ஈண்டுக் காண முற்படுகின்றோம்.

சாதாரண ஜெட் எஞ்சின் சுழலும் தகடுகளால் காற்றை அமுக்குகிறது. 'ஸ்க்ராம்ஜெட்' எஞ்சினில் சுழலும் உறுப்பு எதுவுமில்லை. விமானத்தின் சாய்ந்த முன்பகுதியும் நுழைவாயின் விளிம்பும் எழுப்பும் அதிர்ச்சி அலைகளே காற்றை அமுக்கிவிடுகின்றன. உட்புகுந்த பின்னும் காற்று ஒலியினும் விரைந்தே பாய்கிறது. அவ்வோட்டத்திலேயே எரிபொருள் கலந்து எரிதல் வேண்டும்.

இடர் இங்கேதான் தோன்றுகிறது. எரிதலால் அறையினுள் அழுத்தம் மிகும். அது அளவு கடந்தால் அதிர்ச்சி அலைகளை முன்னோக்கித் தள்ளும். அவை நுழைவாய்க்கு வெளியே வந்துவிடின், உட்புகவேண்டிய காற்று வாயிலிலேயே வழிந்தோட, உந்துவிசை கணத்தில் குன்றும். இதனை 'அன்ஸ்டார்ட்' என்பர். இதைத் தடுக்கவே நுழைவாய்க்கும் எரியறைக்கும் இடையே ஒரு குழாய் அமைக்கின்றனர். அழுத்தம் ஏறியிறங்கும்போது அலைத்தொடர் அதற்குள்ளேயே முன்னும் பின்னும் நகர்ந்துகொள்ளும். பார்வைக்கு வெறுங்குழாய், பணியிலோ காவற்காரன்!

இவ்விடரின் கொடுமையை, அதிமீயொலி வேகத்தை எட்டாத அமெரிக்க எஸ்.ஆர்.71 விமானமே உணர்த்திற்று. அதன் நுழைவாயிலிருந்த கூம்பு, வேகத்திற்கேற்ப ஏறத்தாழ 26 அங்குலம் வரை பின்வாங்கி அலையை உரிய இடத்தில் நிறுத்தியது. 1966 சனவரி 25 அன்று, ஒலியைப்போல் மும்மடங்கு விரைவில் திரும்புகையில் வலப்புற நுழைவாயில் 'அன்ஸ்டார்ட்' நேர, விமானம் வானிலேயே சிதறியது. விமானி உயிர் தப்பினார். உடன் சென்றவர் மாண்டார்.

ஆளில்லா எக்ஸ்-51ஏ விமானத்தை 2011 சூன் 13 அன்று பசிபிக் கடல்மீது சோதித்தனர். எத்திலீனால் பற்றவைத்த எஞ்சின் தன் முதன்மை எரிபொருளுக்கு மாறும் வேளையில் இதே கேடு நேர்ந்தது. மீட்க முயன்றும் பயனில்லை. 2013 மே 1 அன்றோ, அதே வகை விமானம் ஒலியைப்போல் 5.1 மடங்கு வேகம் எய்தி, அதன் எஞ்சின் 210 நொடிகள் இயங்கியது. நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனமும் 2016 ஆகஸ்டு 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவில் இத்தகு எஞ்சினை ஏறத்தாழ 5 நொடிகள் எரித்துக் காட்டியது.

சுவரையொட்டித் தயங்கும் காற்றுப்படலமும் அலைபட்டால் பெயர்ந்து வழியை அடைக்கும். அதனை நுண்துளைகள் வழியே உறிஞ்சி வெளியேற்றுவது ஒரு முறை. குழாயின் அழுத்தத்தை உணர்கருவிகளால் அளந்து, அலை வாயிலை நெருங்குமுன்னரே எரிபொருளைக் குறைப்பது மற்றொரு முறை. இவ்வளவும் இமைப்பொழுதினும் குறைந்த நேரத்திற்குள் நிகழ்தல் வேண்டும்.