ஐம்பத்திரண்டில் ஒரு தொடக்கம்

நீந்தி, மிதிவண்டியோட்டி, இடைவிடாது ஓடியும் முடிக்கவேண்டிய டிரையத்லான் போட்டியில் அமெரிக்க அருட்சகோதரி மடோனா புடர் முதன்முதல் இறங்கியது 1982-இல். அப்போது அவருக்கு வயது 52! ஐம்பதைக் கடந்ததும் முழங்காலைப் பழிக்கும் நாம் வியவாதிருப்பதெங்ஙனம்? 2012-இல், 82-ஆம் வயதில், கனடாவில் 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் மிதிவண்டியில் சென்று, 42 கிலோமீட்டர் ஓடியும் முடித்தார்.

புதியவர்க்கு இத்துணைத் தொலைவு வேண்டா. நீச்சல் 750 மீட்டர், மிதிவண்டி 20 கிலோமீட்டர், ஓட்டம் 5 கிலோமீட்டர் கொண்ட சிறு போட்டியே சாலும். நீரில் பிறர் கைகால்கள் மேலே படும். அச்சம் மூச்சை முட்டும். கூட்டம் முன்சென்றபின் ஓரமாக நீந்துவதில் இழுக்கில்லை. காலணி மாற்றும் நேரமும் கணக்கில் சேரும். மிதிவண்டியை விட்டிறங்கியதும் கால்கள் மரக்கட்டைபோல் கனக்கும். அது நோயன்று, சிறிது நேரத்தில் நீங்கிவிடும். நெஞ்சு வலித்தாலோ, அக்கணமே நிறுத்திவிடல் வேண்டும்.