லோணாவளாவைத் தாண்டிய நாள்

நான்கு வருடங்களுக்கு முன் பேரனின் பிறந்த நாளுக்காகக் கர்ஜத் பக்கம் ஒரு விடுதிக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். ஆழமில்லாத பகுதியில் விளையாடிக்கொண்டிருந்த ஆறு வயதுப் பயல் கால் வழுக்கி ஆழப் பக்கம் போய்விட்டான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரையில் நின்றிருந்தேன். கத்தினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. யாரோ ஒரு மராட்டிப் பையன் சட்டையோடு குதித்துத் தூக்கிக் கொடுத்தான். பேரன் அரை மணியில் எல்லாவற்றையும் மறந்து ஐஸ்கிரீம் கேட்டான். எனக்குத்தான் அன்றிரவு தூக்கம் வரவில்லை. காவிரிக் கரையில் பிறந்தவன் என்று சங்கத்தில் எத்தனை முறை பெருமை பேசியிருப்பேன்! ஆனால் ஆற்றில் முழங்காலுக்கு மேல் இறங்க அம்மா விட்டதில்லை. நீச்சல் தெரியாது.

அடுத்த மாதமே எங்கள் பேட்டை நகராட்சிக் குளத்தில் பெயர் கொடுத்தேன். வயது 62. டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, ரத்த அழுத்தத்தைச் சோதித்து, சான்றிதழ் கையெழுத்திட்டார். முழங்கால் தேய்மானத்துக்கும் நல்லதுதான், தண்ணீரில் உடம்பின் பாரம் மூட்டில் இறங்காது என்றார். மிதப்பது, கிக் போர்டைப் பிடித்துக்கொண்டு காலடிப்பது, தண்ணீருக்குள் மூச்சை விடுவது, இவையெல்லாம் மூன்று வாரத்தில் வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பம்.

குளத்தின் நீளம் 25 மீட்டர். அந்தச் சுவரைத் தொடுவதற்குள் ஐந்து மாடி ஓடி ஏறியவன் போல மூச்சு வாங்கும். தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடப்பவன்தான் நான். அந்தத் தெம்பெல்லாம் தண்ணீரில் எங்கே போயிற்று? வயதாகிவிட்டது என்றே நினைத்தேன். பயிற்சியாளர், என் மகனைவிட இளையவர், சிரித்தார். "காகா, சாவகாஷ்!" என்றார். மெதுவாக என்று அர்த்தம். மூன்று மாதம் அவர் எனக்குச் சொன்னது பெரும்பாலும் இந்த ஒரு வார்த்தைதான்.

ரயில்வேக்காரனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது. வேகத்தை இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். நானோ ஷெட்டை விட்டுக் கிளம்பும்போதே எட்டாவது நாட்சில் போட்டுக்கொண்டிருந்தேன். கால்களைப் படபடவென்று அடித்தேன். தொடைத் தசைகள் பெரியவை; பிராணவாயுவை அவை முதலில் விழுங்கிவிடும். மூச்சுக்காகத் தலையைத் தூக்கினேன். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும்; பிரேக் ஒட்டிக்கொண்ட வண்டியை இழுப்பது போலத்தான். எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு, முகம் தண்ணீரில் இருக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. மூச்சு முட்டுவது பெரும்பாலும் பிராணவாயு தீர்ந்து போவதால் அல்ல. கரியமில வாயு வெளியேறாமல் சேர்வதால். உள்ளே இருப்பதை வெளியே விட்டால்தானே புதுக் காற்றுக்கு இடம்?

அவர் போட்டுக் கொடுத்த திட்டம் எளிமையானது. வாரம் மூன்று நாள். 25 மீட்டர் மெதுவாக நீந்த வேண்டும்; சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு சீராகும் வரை நிற்க வேண்டும்; மறுபடி 25. இப்படி எட்டு முறை. பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தம் ஏறாமல் வண்டியை எடுக்கலாமா? அது போலத்தான் இந்த நிற்றலும். முதலில் முக்கால் நிமிடம் நின்றேன். பிறகு அரை நிமிடம், பிறகு 20 விநாடி. ஓய்வைக் குறைத்த பிறகே தூரத்தைக் கூட்டினோம்: 50 மீட்டர் நான்கு முறை, பிறகு ஆறு முறை. இரண்டையும் ஒரே வாரத்தில் மாற்ற அவர் விட்டதே இல்லை.

மூன்றாம் மாதம் ஒரு காரியம் செய்தேன், சொல்ல வெட்கம்தான். பக்கத்து லேனில் ஒரு கல்லூரிப் பையன் என்னைத் தாண்டிப் போனான். வீம்பு வந்துவிட்டது. ஆழமான பகுதியில் கெண்டைக்கால் சுருட்டிக்கொண்டது. லேன் கயிற்றைக் கட்டிப் பிடித்துத் தொங்கினேன். விசில் ஊதி, மூங்கிலை நீட்டி இழுத்தார்கள். வீட்டில் இன்றுவரை சொல்லவில்லை. இந்த இதழ் வந்தால் தெரியும்.

நீளங்களை எண்ணுவது இன்னொரு தகராறு. ஏழா எட்டா என்று மறந்துவிடும். ஆகவே நம் எல்லோருக்கும் மனப்பாடமான வழியைப் பிடித்தேன். புறப்படும் சுவர் மும்பை. ஒவ்வொரு சுவரும் ஒரு ஸ்டேஷன்: தாதர், தாணே, கல்யாண், லோணாவளா, புணே, தௌண்ட், சோலாப்பூர், குல்பர்கா, வாடி, ராய்ச்சூர், குண்டக்கல், கூட்டி, கடப்பா, ரேணிகுண்டா, அரக்கோணம், சென்னை. பதினாறு நீளம், 400 மீட்டர்.

லோணாவளா என்பது 100 மீட்டர். வாரக்கணக்கில் நான் அதைத் தாண்டவில்லை. நிஜ வண்டிக்கே அங்கேதான் போர் காட். 37-க்கு 1 ஏற்றம், கர்ஜத்தில் பின்னால் பேங்கர் இன்ஜின் மாட்டித்தான் ஏற்றுவார்கள். எனக்கு யார் மாட்டுவது? ஐந்தாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே இன்னும் மெதுவாக நீந்தினேன். காலை ஏறக்குறைய சும்மா விட்டுவிட்டேன். இரண்டு கை வீச்சுக்கு ஒரு மூச்சு. லோணாவளாவைத் தொட்டபோது நிற்கத் தோன்றவில்லை. புணே, தௌண்ட் போய்விட்டேன். எடுக்கும் மூச்சும் செலவாகும் மூச்சும் சமமாகிவிட்டால் அதன் பிறகு சமதளம்தான். 100 மீட்டருக்கு ஐந்து மாதம் எடுத்தவன் அதற்கப்புறம் ஐந்தே வாரத்தில் சென்னை போய்ச் சேர்ந்தேன். 14 நிமிடம். ஒலிம்பிக்கில் இதே தூரத்தை 4 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள், இருக்கட்டும். 1994-ல் நம் குற்றாலீஸ்வரன் ஒரே வருடத்தில் ஆறு கால்வாய்களை நீந்தியபோது அவர் சின்னப் பையன். நான் அந்தப் பட்டியலில் இல்லை.

சர்க்கரை உள்ள அன்பர்கள் வெறும் வயிற்றில் இறங்க வேண்டாம். கரையில் குளுகோஸ் பிஸ்கட் வைத்திருங்கள். தண்ணீருக்குள்ளும் வியர்க்கிறது, தெரிவதில்லை. பாட்டில் அவசியம். இன்னொன்று: 400 மீட்டர் நீந்துகிறவன் மூழ்குகிறவனைக் காப்பாற்றிவிடுவான் என்று அர்த்தமில்லை. அதைப் பயிற்சியாளரே எனக்குச் சொன்னார். பயந்தவன் கட்டிப் பிடித்தால் இரண்டு பேரும் போவார்கள். கம்பு, கயிறு, துண்டு, எதையாவது நீட்டு, மிதவை இருந்தால் வீசு, குதிப்பது கடைசி. அன்று என் தோளில் நாலு முழத் துண்டு இருந்தது. நீட்டத் தோன்றவில்லை.

பேரனுக்கு இப்போது பத்து வயது. அவனையும் அதே குளத்தில் சேர்த்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைகளில் பக்கத்து லேனில் வருவான். போன வாரம் சுவரில் தலையைத் தூக்கி, "தாத்தா, எந்த ஸ்டேஷன்?" என்றான். "குண்டக்கல்" என்றேன். அவன் அதற்குள் சென்னை போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தான்.