எலிக்கு ஒன்றும் ஆகாது, ஹாம்ஸ்டருக்கு ஆகும்

1993ஆம் ஆண்டு அமெரிக்காவின் தென்மேற்கில், நான்கு மாநில எல்லைகள் கூடும் வறண்ட பகுதியில், திடகாத்திரமான இளைஞர்கள் மூச்சுத் திணறி அடுத்தடுத்து இறந்தார்கள். அதுவரை அறியாத ஒரு ஹன்டா வைரஸ்தான் காரணம். சின் நோம்ப்ரே என்று பெயர் வைத்தார்கள். அதைச் சுமந்து திரிவது மான் எலி என்னும் காட்டு எலி. அதன் சிறுநீரும் புழுக்கையும் கலந்த தூசியை மூச்சில் இழுத்தவருக்குத் தொற்றும். நோய் கண்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் இறந்துவிடுகிறார்கள். எலியோ அந்த வைரஸோடு சுகமாகக் குடித்தனம் நடத்துகிறது.

ஆய்வாளர்களுக்குச் சிக்கலே இதுதான். மருந்தைச் சோதிக்க, மனிதரைப் போலவே நோய்ப்படும் விலங்கு வேண்டும். மான் எலி உதவாது. ஆய்வகச் சுண்டெலியின் குட்டிகளுக்கு ஹன்டான் என்னும் இன்னொரு ஹன்டா வைரஸைச் செலுத்தினால் மூளை பாதித்து இறக்கின்றன. மனிதருக்கு வருவது அந்த நோயே அல்ல.

2001இல் அமெரிக்க ராணுவ ஆய்வகத்தில் ஜே ஹூப்பர் குழுவினர், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் என்னும் ஹன்டா வைரஸைச் சிரிய ஹாம்ஸ்டருக்குச் செலுத்தினார்கள். நுரையீரலில் நீர் கோத்து, மனிதரைப் போலவே அது இறந்தது. அதே ஹாம்ஸ்டருக்குச் சின் நோம்ப்ரே தொற்றுகிறது, ஆனால் நோய் வருவதில்லை. எதிர்ப்பாற்றலை மருந்தால் முடக்கினால்தான் வருகிறது.

ஹாம்ஸ்டரையும் முழுக்க நம்பிவிட முடியாது. மனிதரின் ரத்தக்குழாய்கள் கசிவதற்கு எதிர்ப்பாற்றல் செல்களான டி செல்களின் மிகையான தாக்குதலே காரணம் என்ற கருத்து வலுவாக இருந்தது. ஹாம்ஸ்டரிடம் டி செல்களை அகற்றிப் பார்த்தார்கள். அப்போதும் அது இறந்தது; அதன் நோய் மனித நோயைப் போன்றதுதானா என்ற ஐயம் எழுந்தது. குரங்கு நமக்கு இன்னும் நெருக்கம். 2014இல் மொன்டானாவின் ராக்கி மவுன்டன் ஆய்வகத்தார் ரீசஸ் குரங்கிடம் சின் நோம்ப்ரே நோயை வரவழைத்தார்கள். செல் வளர்ப்பில் பெருக்கினால் இவ்வகை வைரஸின் வீரியம் குறைவதுண்டு என்பதால், மான் எலிகளுக்குள் மட்டுமே கடத்தி வளர்த்த வைரஸைச் செலுத்தினார்கள். என் பார்வையில், விலங்கைத் தேர்ந்ததைவிட வைரஸை வளர்த்த விதமே இதில் கெட்டிக்காரத்தனம். ஆனால் உச்சபட்சப் பாதுகாப்புள்ள கூடத்தில் குரங்குகளை வைத்துச் சோதிப்பது பெருஞ்செலவு. அன்றாட வேலைக்கு ஹாம்ஸ்டர்தான்.

மருந்துச் சோதனைக்கு அது உதவியதற்கு ஓர் உதாரணம்: மனித எதிர்ப்புரதம் சுரக்கும்படி மரபணு மாற்றிய பசுக்களுக்கு ஹன்டா வைரஸுக்கான டிஎன்ஏ தடுப்பூசி போட்டு, அவற்றின் ரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்புரதம், வைரஸ் செலுத்திய ஹாம்ஸ்டர்களைக் காப்பாற்றியதும் 2014இல்தான்.