வெறுங்கூட்டில் ஓர் அடைக்கோழி

வேலை வெட்டியின்றி வீட்டுக்குள் முடங்கிக் கிடப்பவனைப் பார்த்து, "என்னடா, அடைக்கோழி மாதிரிக் கிடக்கிறாய்?" என்று கேட்பது நம்மூர் வழக்கு. பாடம் ஒப்புவியாத மாணாக்கரை நானும் பல தடவை இவ்வாறு ஏசியதுண்டு. இப்பொழுது ஏசுவதில்லை. அடைக்கோழி சோம்பேறியன்று என்பதை என் வீட்டுக் கோடியிலே கிடந்த ஒரு பேடு எனக்குக் கற்பித்தது. அதைக் கற்பிப்பதற்கு அது தன் உயிரையே கொடுக்க நேர்ந்தது.

தொல்காப்பிய மரபியலைப் பல ஆண்டுகளாகப் படிப்பித்து வருகின்றேன். பறவைகளின் இளமைப் பெயர் பார்ப்பு, பிள்ளை என்பன. பெண் கோழிக்கு அளகு என்றொரு பெயருண்டு. அப்பெயர் கோழிக்கும் கூகைக்கும் உரியது; மயிலுக்கும் உரித்து. இவற்றையெல்லாம் கரும்பலகையில் எழுதி விளக்கியவனுக்கு, வளவிலே நின்ற அளகு என்ன செய்கின்றது என்று பார்க்கத் தெரியவில்லை. அது நூலின் குறையன்று. என் கண்ணின் குறை.

எங்கள் வீட்டிலே ஐந்தாறு ஊர்க்கோழிகள் உண்டு. அவற்றுள் கறுப்புஞ் செம்மையுங் கலந்த பேடொன்று, சித்திரை கழிந்து சோளகம் வீசத் தொடங்கிய நாட்களில், முட்டையிடுவதை நிறுத்திக் கூட்டிலேயே கிடந்தது. முட்டைகளை நாங்கள் அன்றன்றே எடுத்துவிடுவோம். ஆதலால் அது கிடந்தது ஒரு பழைய கடகத்தில், வெறும் வைக்கோலின் மேலே. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்தும். வெளியே தூக்கிவிட்டால், கேறிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் கடகத்திலே போய் ஏறிவிடும்.

"அடையைக் கலைத்துவிடுவோம்" என்றாள் என் மனையாள். "பாவம், கிடக்கட்டும், தானே எழும்பும்" என்றேன் நான். முட்டையின் மேலே கிடக்குங் கோழிக்கு 21ஆம் நாளிலே குஞ்சின் குரல் கேட்கும், அது எழும்பும். வெறுங்கூட்டுக்கு 21ஆம் நாள் என்று ஒன்றில்லை என்பதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

பக்கத்து வளவு ஆச்சி ஒருநாள் வேலிக்கு மேலாலே எட்டிப் பார்த்துவிட்டு, "பண்டிதர், ஒண்டில் முட்டையை வையுங்கோ, இல்லாட்டில் அடையைக் கலையுங்கோ. ரெண்டுமில்லாமல் விட்டால் அது காஞ்சு போகும்" என்றார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன்.

ஆறாவது கிழமையிலே அதனைத் தூக்கினேன். பொச்சுமட்டை போலக் கனமற்றிருந்தது. நெஞ்செலும்பு கத்திபோலக் கையில் உறுத்தியது. கோழிப்பேன் என் முழங்கை வரை ஊர்ந்தது. இரண்டு நாளிலே இறந்துபோயிற்று. மனையாள் ஒன்றுஞ் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலாவது ஆறுதலாயிருந்திருக்கும். என் இரக்கம் அந்தப் பேட்டுக்குச் செய்த உபகாரம் இதுதான்.

அதன் பின்னரே இவ்விடயத்தைக் கேட்டும் படித்தும் அறிய முற்பட்டேன். அடை என்பது கோழியின் பிடிவாதமன்று. அதன் உடம்பிலே நிகழும் ஒரு மாற்றம். மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, புரோலக்ரின் என்னும் ஓமோனை மிகுதியாகச் சுரக்கின்றது. மனிதத் தாய்மாருக்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே ஓமோன்தான் என்று படித்தபோது புத்தகத்தைச் சற்றே மூடிவைத்தேன். இது மிகுந்தால் கோழியின் சூலகம் ஒடுங்கும், முட்டை நிற்கும், சிவந்த பூ வெளிறிச் சுருங்கும், பசி குறையும். வயிற்றடியிலே இறகு கழன்று தோல் வெளித்தோன்றும். அத்தோலிலே குருதி மிகுதியாய் ஓடி, முட்டைக்கு நேரே சூட்டைக் கொடுக்கும். இருட்டும், வெதுவெதுப்பும், வயிற்றிலே முட்டை உறுத்தும் உணர்வும் இந்நிலையை வளர்ப்பன. முட்டையில்லாதபோதும் இருட்டும் வெதுவெதுப்புமே அதனை நீட்டிக்கப் போதும்.

எல்லாக் கோழிக்கும் இது உண்டென்பதுமில்லை. வெள்ளை லெகோன் போன்ற இனங்கள் பெரும்பாலும் அடை கிடப்பதில்லை. அடைகிடக்கும் நாட்களிலே முட்டை கிடையாது. ஆகவே, முட்டைக்காக வளர்ப்போர் அடைகிடவாத பேடுகளையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். குஞ்சு பொரிக்கும் வேலையைப் பொறி ஏற்றுக்கொண்டது. இதுவும் புதுமையன்று. எகிப்திலே பண்டைக்காலந்தொட்டுச் சூடேற்றிய மண்கூடங்களிலே பெருந்தொகையாகக் குஞ்சு பொரிப்பித்தார்கள். அம்முறையை ஆராய்ந்து பிரெஞ்சு அறிஞர் றெயோமூர் 1749இல் ஒரு நூலே வெளியிட்டார். நம் ஊர்க்கோழியோ பொறியை அறியாது. அதற்குத் தன் வயிறுதான் பொறி.

அடுத்த ஆண்டும் சோளகம் வந்தது. இம்முறை ஒரே கிழமையில் இரண்டு பேடுகள் அடைக்கு விழுந்தன. ஒன்று செம்பேடு, மற்றையது வெள்ளைப் புள்ளி விழுந்தது. நான் நேரே வேலியடிக்குப் போய் ஆச்சியைக் கூப்பிட்டேன். அவர் வந்து இரண்டையும் தொட்டுப் பார்த்தார். புள்ளிக்கோழி வெருண்டு எழுந்தோடிற்று; செம்பேடு அசையவில்லை. "சிவப்பை வையுங்கோ, மற்றதைக் கலையுங்கோ" என்று ஒரே சொல்லில் தீர்ப்புக் கூறினார். இரண்டையும் வைத்தால் மாரிக்கு முன்னே அத்தனை குஞ்சையும் பிராந்துக்கும் காகத்துக்கும் தப்ப வைத்து வளர்க்க எங்களுக்கு ஆளில்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

செம்பேட்டுக்கு 11 முட்டை தெரிந்தோம். ஒரு கிழமைக்கு மேற்படாதவை; கழுவாதவை; கோது வெடியாதவை. முட்டையை ஒற்றைப்பட வைப்பது ஏன் என்று கேட்டேன். "அப்பிடித்தான் வைக்கிறது" என்றார் ஆச்சி. இலக்கணத்திலும் சில விதிகளுக்கு இதனைவிட நல்ல விளக்கம் நான் கூறியதில்லை. இடி முழங்கினால் கரு கெடுமென்று கடகத்தினுள் ஓர் இரும்பாணியும் அடுப்புக்கரித் துண்டும் போட்டார். எனக்கு அதில் நம்பிக்கையில்லை, ஆயினும் எடுத்தெறியவில்லை. கரித்துண்டு வீண்போகவுமில்லை, அதனாலேயே ஒவ்வொரு முட்டையிலும் கோடு கீறினேன். மற்றக் கோழிகள் அடைக்கோழியின் கூட்டிலே புகுந்து முட்டையிடும் வழக்கமுண்டு. கோடில்லாத முட்டையை அன்றே எடுத்துவிட வேண்டும்; இல்லையேல் ஒன்று பொரிக்க மற்றொன்று அரைக்கருவிலே நின்றுவிடும். அடை வைத்தது இருட்டிய பிறகு. பகலிலே இடம் மாற்றினால் கோழி பழைய கூட்டுக்கே ஓடும். இரவிலே மாற்றினால் விடியும்போது புது இடத்தைத் தன் இடமென்று கொள்ளும்.

சோம்பேறி என்று நான் ஏசிய பிராணியின் வேலையைப் பிறகுதான் கண்டேன். நாளுக்கு ஒருமுறை, கால் மணித்தியாலம் போல, எழுந்து வரும். குறுணலைக் கொத்தும், தண்ணீர் குடிக்கும், ஒரு நாள் முழுதும் அடக்கி வைத்த எச்சத்தை ஒரேயடியாகக் கழிக்கும், திரும்பி ஓடும். மீதி நேரமெல்லாம் கிடை. அக்கிடையிலும் ஓய்வில்லை. அலகால் முட்டைகளைப் புரட்டிக்கொண்டேயிருக்கும். ஓரத்திற் கிடப்பதை நடுவுக்கும் நடுவிற் கிடப்பதை ஓரத்துக்கும் தள்ளும். புரட்டாவிட்டால் கரு உட்சவ்விலே ஒட்டிக் கெட்டுவிடும். இதனை எந்தக் கோழிக்கும் யாரும் படிப்பித்ததில்லை.

ஏழாம் இரவு, மட்டைச் சுருளொன்றின் வாயிலே முட்டையை வைத்து ரோச் வெளிச்சம் பாய்ச்சினோம். ஒன்பது முட்டைகளிலே சிவந்த நரம்புகள் சிலந்தி கால் விரித்தாற்போலத் தெரிந்தன. இரண்டு தெளிவாயிருந்தன, அவை கருவற்றவை. எடுத்துவிட்டோம்.

மீன் பார்த்தும், ஆமை நினைத்தும், பறவை தொட்டும் தம் சினையைக் காக்கும் என்று சைவ நூலார் கூறுவர். நயனம், மானதம், பரிசம் என்னுந் தீக்கைகளுக்கு இவற்றை உவமையாக்குவர். பரிசத்துக்குக் கோழியைக் கண்ணாற் கண்டேன். ஆனால் 20ஆம் இரவு கேட்டதை எந்த உரையாசிரியரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. கோது உடையுமுன்பே உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி வந்தது. செம்பேடு தலையைச் சரித்துத் தொண்டைக்குள்ளே ஒரு தாழ்ந்த குரல் கொடுத்தது. உள்ளிருந்து மறுமொழி வந்தது. தொடுதல் மட்டுமன்று, பேச்சும் உண்டு. விளக்கை அணைத்துவிட்டு நானும் மனையாளும் நெடுநேரம் அங்கேயே இருந்தோம்.

மறுநாள் எட்டுக் குஞ்சுகள். ஒன்று கூழ்முட்டையாயிற்று. முந்திப் பொரித்தவற்றுக்குப் பசிக்குமேயென்று தாயைக் கிளப்பப் போனேன்; ஆச்சி தடுத்துவிட்டார். குஞ்சு வெளிவருமுன்பே மிஞ்சிய மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. ஓரிரு நாள் அதற்கு இரை வேண்டியதில்லை. பிந்திப் பொரிப்பவைக்காகத் தாய் காத்திருப்பதற்கு இயற்கை வைத்த தவணை அது.

புள்ளிக்கோழியை நான் மறந்துவிட்டதாக எண்ணற்க. அதனைக் கலைப்பதற்கு வழி கூறியோர் பலர். கிணற்றடிக்குக் கொண்டுபோய் வாளித் தண்ணீரில் முக்கச் சொன்னார் ஒருவர். காலிலே கயிறு கட்டி வெயிலில் விடச் சொன்னார் இன்னொருவர். மூக்குத் துளையிலே இறகைச் செருகுவது பழைய வழக்கம். செருகிய இறகைக் காலாலே தட்டித் தட்டிக் கோழி களைத்துப் போவதைக் கண்டு சிறு வயதில் நானும் சிரித்திருக்கிறேன். இவையெல்லாம் கோழியைக் குற்றவாளியென்று வைத்துச் செய்யுந் தண்டனைகள். முக்குவதிலே ஒரு சிறு நியாயமுண்டு: வயிற்றுச் சூடு தணியும். ஆனால் நனைந்த கோழி நடுங்கும், வெருளும், சற்று உலர்ந்ததும் மறுபடி கூட்டைத் தேடும்.

அடையை வளர்ப்பவை இருட்டும் சூடும் என்றால் வேண்டியவை வெளிச்சமும் காற்றும். பழைய கம்பிக்கூண்டு ஒன்று இருந்தது, அடிப்பக்கமும் கம்பிவலை. நான்கு செங்கற்களின் மேலே அதனை உயர்த்தி மாதுளை நிழலில் வைத்தேன். உள்ளே வைக்கோல் இல்லை, சாக்கு இல்லை. இரையும் தண்ணீரும் தாராளம். கீழாலே காற்று வயிற்றைத் தடவிச் செல்லும். மற்றக் கோழிகள் கண்ணெதிரே மேயும். மூன்று நான்கு நாளிலே பெரும்பாலுங் கலைந்துவிடும். அடைக்கு விழுந்த முதல் நாளிலேயே தொடங்கினால் எளிது. இரண்டு கிழமை விட்டுத் தொடங்கினால் அத்தனைக்கு நாளும் நீளும்.

முதல் நாள் கூண்டினுள்ளேயும் படுத்தே கிடந்தது. இரண்டாம் நாள் எழுந்து நின்று என்னை நோக்கிக் கத்தியது. நான்காம் நாட் காலை திறந்துவிட்டேன். நேரே கடகத்துக்கு ஓடிற்று. எனக்கு மனந் தளர்ந்துவிட்டது. "திரும்பவும் வையுங்கோ" என்றாள் மனையாள். வைத்தேன். ஆறாம் நாள் திறந்தபோது கூண்டின் வாயிலில் நின்று கழுத்தை நீட்டி இருபுறமும் பார்த்தது. பின்பு மெல்ல இறங்கி, கடகம் இருந்த பக்கம் திரும்பாமல், அடுக்களைக் கோடியிலுள்ள சாம்பற் குவியலுக்குப் போய், ஒரு பக்கமாய்ச் சரிந்து, சிறகை விரித்து, சாம்பலை முதுகிலே வாரி வாரி இறைத்துக்கொண்டது.