ஏர்கோன் வாங்கும் முன்: விலைச்சீட்டில் இல்லாத கணக்கு

வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள்களுக்கு 35 பாகையைத் தொட்டால் வானிலை ஆய்வுத் துறை முதல்நிலை வெப்ப எச்சரிக்கை விடுக்கிறது. அந்த அறிவிப்பு வந்த வாரத்தில் மின்சாதனக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். முன்பெல்லாம் ஏர்கோன் என்றால் பெரிய வீட்டுச் சாமான். இன்று பிபிஆர் அடுக்குமாடியிலும், தோட்டத்து வீட்டிலும், பிள்ளைகள் படிக்கும் ஓர் அறைக்காவது ஒன்று வாங்கிவிடலாமா என்ற பேச்சு எழுகிறது. கேட்பதில் தவறில்லை. ஆனால் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எவ்வளவு விலை?" ஏர்கோனைப் பொறுத்தவரை, கடையில் கொடுக்கும் பணம் செலவின் முதல் தவணை மட்டுமே. பொருத்தும் கூலியும், மாதா மாதம் வரும் மின்கட்டணமும், கழுவும் செலவும் பின்னால் வரிசை கட்டி நிற்கின்றன.

முதலில் அளவு. நம் நாட்டில் ஏர்கோனைக் குதிரைத்திறன் கணக்கில் விற்கிறார்கள். ஒரு குதிரைத்திறன் என்பது ஏறத்தாழ 9,000 பிடியூ குளிர்ச்சி. ஒன்றரை என்றால் சுமார் 12,000, இரண்டு என்றால் சுமார் 18,000. அறையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி, அதை மீண்டும் 65ஆல் பெருக்கினால் தேவையான பிடியூ ஓரளவு தெரிந்துவிடும். 10க்கு 12 அடி அறைக்கு 7,800தான் வருகிறது. ஒரு குதிரைத்திறன் தாராளம். 12க்கு 15 அடி அறைக்கு 11,700. அங்கே ஒன்றரை வேண்டும். மாடி அறை, மாலை வெயில் அடிக்கும் சுவர், சீலிங் இல்லாத தகரக்கூரை என்றால் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும்.

"பெருசா வாங்கினா சீக்கிரம் குளிரும்" என்று சொல்லி அடுத்த அளவை விற்கப் பார்க்கும் விற்பனையாளர்கள் உண்டு. சீக்கிரம் குளிரும் என்பது உண்மைதான். ஆனால் தேவைக்கு மிஞ்சிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். காற்றிலுள்ள ஈரத்தை இழுக்க அதற்கு நேரம் போதாது. அறை குளிர்ந்திருக்கும், உடம்பு பிசுபிசுக்கும்.

தோட்டத்து வீடுகளுக்கு இன்னொரு கணக்கு இருக்கிறது. பழைய லயத்து வீடுகள் காற்று புகுந்து வெளியேற வேண்டும் என்றே கட்டப்பட்டவை. சுவர் உச்சியில் துளைகள், பலகைச் சுவரில் இடுக்குகள், கூரைக்கடியில் இடைவெளி இருக்கும். அப்படியே ஏர்கோன் மாட்டினால் குளிர்ச்சி வெளியே போய்க்கொண்டே இருக்கும், கம்ப்ரெசர் ஓய்வில்லாமல் ஓடும். இடுக்குகளை அடைத்து, சீலிங் போட்டு, தகரத்துக்கடியில் வெப்பத்தைத் தடுக்கும் அலுமினியத் தாள் விரித்தாலே அறையின் சூடு நன்றாகக் குறையும். சிலருக்கு அதற்குப் பிறகு மின்விசிறியே போதும் என்று ஆகிவிடலாம். வீடு நிர்வாகத்துக்குச் சொந்தமானது என்றால் சுவரைத் துளைக்குமுன் அனுமதி கேட்பது நல்லது. பழைய ஒயரிங் கூடுதல் சுமையைத் தாங்குமா என்பதை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டு பார்த்துவிட வேண்டும். ஏர்கோனுக்கு டிபி பெட்டியிலிருந்து தனி இணைப்பு வர வேண்டும். சோறு வேகும் அதே பிளக்கில் நீட்டிப்பு ஒயர் போட்டு ஓட்டுவது தீயை விலைக்கு வாங்கும் வேலை.

கடையில் பார்க்க வேண்டியது இரண்டு ஒட்டுவில்லைகள். ஒன்று சிரிம் முத்திரை. அது இல்லாத பொருளை இணையத்தில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடக்கூடாது. மற்றொன்று எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர வில்லை. நட்சத்திரத்தை எண்ணுவதோடு நிற்காமல், அதிலிருக்கும் ஆண்டு மின்பயன்பாட்டு எண்ணையும் படிக்க வேண்டும். ஒரே அளவுள்ள இரு இயந்திரங்களில் ஒன்று ஆண்டுக்கு 900 யூனிட், மற்றது 600 யூனிட் என்று காட்டுவதாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 300 யூனிட். யூனிட்டுக்கு 44 சென் என்றால் ஆண்டுக்கு 132 ரிங்கிட், ஐந்தாண்டில் 660 ரிங்கிட். கடையில் 300 ரிங்கிட் மலிவாகத் தெரிந்தது உண்மையில் மலிவில்லை. 4, 5 நட்சத்திரப் பொருள்களுக்கு அரசாங்கம் 'சேவ்' திட்டத்தின் கீழ் கழிவு கொடுத்த ஆண்டுகளும் உண்டு. இப்போது அப்படி ஏதும் இருக்கிறதா என்று பணம் கட்டுமுன் கேட்டுவிடலாம்.

இன்வெர்ட்டர் வேண்டுமா என்பதற்கு விடை, எத்தனை மணி நேரம் ஓடும் என்பதில் இருக்கிறது. சாதாரண ஏர்கோன் முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். இன்வெர்ட்டர் அறை குளிர்ந்ததும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும். இரவு முழுவதும் போடும் வீட்டுக்கு அது கூடுதல் விலையைத் திருப்பித் தந்துவிடும். விருந்தாளி வந்தால் மட்டும் ஒரு மணி நேரம் போடும் அறைக்கு அவசியமில்லை.

மின்கட்டணத்தில் நினைவில் வைக்க வேண்டிய எண் 600. தீபகற்ப மலேசியாவில் 2025 ஜூலை முதல் நடப்பிலுள்ள கட்டண முறையில், மாதம் 600 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு 10 ரிங்கிட் சில்லறைக் கட்டணம் கிடையாது. எரிபொருள் விலைக்கேற்பக் கூடிக் குறையும் கட்டணமும் கிடையாது. அதைத் தாண்டினால் அவை இரண்டும் வரும், கூடுதல் யூனிட்டுகளுக்குச் சேவை வரியும் வரும். ஓர் அறை ஏர்கோன் சராசரியாக மணிக்கு அரை யூனிட் இழுத்து, இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் மாதத்துக்கு 120 யூனிட். இப்போது 450 யூனிட் பயன்படுத்தும் குடும்பம் ஓர் அறைக்கு மாட்டினால் 570, கோட்டுக்குள்தான். இரண்டு அறைக்கு மாட்டினால் 690. இந்த 120 யூனிட்டுக்கு 53 ரிங்கிட்தானே என்றும் நினைக்க முடியாது. குறைவாகப் பயன்படுத்துவோருக்குக் கிடைக்கும் சிக்கனக் கழிவு, பயன்பாடு கூடக் கூடச் சுருங்கி, 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லாமலே போகிறது. பில் நினைத்ததைவிட அதிகமாக ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். வெப்பநிலையை 24 அல்லது 25இல் வைத்து, கூடவே மின்விசிறியைச் சுழலவிட்டால் உடம்புக்கு வித்தியாசம் தெரியாது, பில்லுக்குத் தெரியும்.

பணம் அதிகமாக வீணாவது பொருத்தும் வேலையில்தான். நல்ல இயந்திரத்தை மோசமாகப் பொருத்தினால் அது மோசமான இயந்திரம். 'பொருத்துதல் இலவசம்' என்ற விளம்பரத்தில் பெரும்பாலும் குறிப்பிட்ட சில அடி செப்புக் குழாய் மட்டுமே அடங்கும். அதற்கு மேல் அடிக்கு எவ்வளவு, வெளி இயந்திரத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு எவ்வளவு, ஒயரிங்குக்கு எவ்வளவு, உயரத்தில் வேலை செய்தால் எவ்வளவு என்பதையெல்லாம் முன்கூட்டியே புலனத்தில் எழுத்தாக வாங்கிக்கொள்ளலாம். செப்புக் குழாயின் தடிப்பையும் ரசீதில் எழுதச் சொல்ல வேண்டும். மெல்லிய குழாய் மலிவு. வளைக்கும்போது நசுங்கவும் பின்னாளில் கசியவும் வாய்ப்பு அதிகம்.

பொருத்த வருபவரிடம் வேக்கூம் பம்ப் இருக்கிறதா என்று பாருங்கள். குழாயை இணைத்தபின், உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அந்தப் பம்ப் கொண்டு உறிஞ்சி எடுத்துவிட்டுத்தான் கேஸைத் திறந்துவிட வேண்டும். கால் மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும் வேலை. அவசரக்காரர்கள் கொஞ்சம் கேஸை விட்டே காற்றை ஊதித் தள்ளிவிட்டு முடித்துக்கொள்வார்கள். அன்றைக்கு ஏர்கோன் குளிரும். உள்ளே தங்கிய ஈரம் கம்ப்ரெசரை மெல்ல மெல்ல அரிக்கும். இப்போது வரும் இயந்திரங்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்32 கேஸ். அதன் அழுத்தம் பழைய ஆர்22ஐவிட மிக அதிகம், இலேசாகத் தீப்பற்றும் தன்மையும் உண்டு. பழைய ஏர்கோனின் குழாயையே இதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுவதே நல்லது. முகநூலில் விற்கும் பழைய ஏர்கோன்களிலும் கேஸ் வகையை முதலில் கேட்க வேண்டும். ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் உலகெங்கும் கைவிடப்பட்டு வருகிறது; அதில் ஓடும் இயந்திரத்தை இன்று வாங்குவது வீண்.

கேஸைப் பற்றி இன்னொன்று. "கேஸ் முடிஞ்சிருச்சு, டாப் அப் பண்ணணும்" என்ற வசனத்தைக் கேட்காத வீடு குறைவு. ஏர்கோன் கேஸ் அடுப்புக் கேஸ்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைத் தேடி அடைக்காமல் ஒவ்வோர் ஆண்டும் கேஸ் நிரப்பினால், ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். குளிர்ச்சி குறைந்ததாகத் தோன்றினால் முதலில் வடிகட்டியைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் கழுவிப் பார்க்கலாம். பல வீடுகளில் கோளாறு அந்தத் தூசியோடு முடிந்துவிடும்.

தவணையில் வாங்குவோர் மாதத் தொகையை மட்டும் பார்த்துவிடுகிறார்கள். மாதம் 65 ரிங்கிட் கையைக் கடிக்காது. 60 மாதம் கட்டினால் 3,900 ரிங்கிட். அதே இயந்திரத்தை ரொக்கமாக வாங்கினால் எவ்வளவு, அந்தத் தொகைக்குள் கழுவும் சேவையும் சேர்ந்திருக்கிறதா, நடுவில் நிறுத்தினால் தண்டம் உண்டா என்பதைக் கையெழுத்திடுமுன் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. உத்தரவாதத்தையும் அப்படித்தான் பிரித்துப் படிக்க வேண்டும். கம்ப்ரெசருக்குப் பத்தாண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். மற்ற பாகங்களுக்கு அவ்வளவு காலம் இருக்காது. கூலியும் கேஸும் அதில் சேருமா என்பது சிறிய எழுத்தில் இருக்கும். சில நிறுவனங்கள் இணையத்தில் பதிவு செய்தால்தான் முழு உத்தரவாதமும் தரும்.

சொன்னபடி பொருளோ வேலையோ அமையாமல், கடைக்காரரும் கைவிரித்துவிட்டால், மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த மன்றம் அது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, விசாரணையில் அனுமதியும் இல்லை. பாதிக்கப்பட்டவரே நேரில் பேசலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து மூன்றாண்டுக்குள் மனு கொடுத்திருக்க வேண்டும். ரசீது, உத்தரவாத அட்டை, விலைபேசிய புலனச் செய்திகள், பொருத்திய இடத்தின் படங்கள் ஆகியவற்றை வாங்கிய நாள் முதலே ஒரு கோப்பில் போட்டு வைத்திருந்தால் மனுவை நிரப்ப அரை மணி நேரம் போதும்.