நன்னீரில் மூழ்கலாமா?

கடலுக்கு நடுவே இருக்கிறோம். ஆயினும் நம்மில் பலருக்குக் கடல் என்றால் ஓர் அச்சம். ஆற்றிலும் குளத்திலும் கிணற்றிலும் நீச்சல் பழகி வந்தவர்கள் நாம். முதுகில் சுரைக்குடுக்கையையோ பழைய டியூபையோ கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்த கையோடு இத்தீவுக்குப் படிக்க வந்தவர்களுக்கு, அலை அடிக்கும் உப்பு நீர் அந்நியமாகத்தான் இருக்கும். ஆகவே, ஸ்கூபா என்னும் மூழ்கு கலையைப் பயில விரும்பும் நண்பர்கள் பலர் ஒரே கேள்வியைக் கேட்கின்றனர்: “எடுத்த எடுப்பிலே கடலில் இறங்குவானேன்? அலை இல்லாத நன்னீர் நிலை ஒன்றில் முதலில் பழகிக்கொள்ளலாமே. அப்படி ஓர் இடம் இங்கே பக்கத்தில் இல்லையா?”

கேள்வி நியாயமானதே. வேறு நாடுகளில் அப்படித்தான் செய்கிறார்கள். இங்கிலாந்தில் லெஸ்டர்ஷயர் பகுதியில் ஸ்டோனி கோவ் என்று ஓர் இடம் உண்டு. முன்னாளில் அது கருங்கல் வெட்டிய பள்ளம். வேலை நின்றபின் ஊற்று நீர் நிரம்பி ஏரி போல் ஆயிற்று. கல் வெட்டிய படிகளே அங்கே மூழ்குவோருக்கு வசதியாக அமைந்துவிட்டன. ஏறத்தாழ 6 மீட்டரில் ஒரு தட்டு, 20 மீட்டரில் ஒரு தட்டு, 35 மீட்டரில் ஒன்று. புதியவர் முதல் தட்டோடு நின்றுகொள்ளலாம். அமெரிக்காவில் புளோரிடாவின் ஊற்றுகளும் இத்தகையனவே. அவற்றின் நீர் கண்ணாடி போல் தெளிந்தது.

அந்தமானில் மழைக்குக் குறைவில்லை. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் பெய்கிறது. பின் ஏன் நமக்கு ஒரு நல்ல ஏரி இல்லை? தீவுகளின் அமைப்பே காரணம். வடக்கு தெற்காக நீண்டு, கிழக்கு மேற்கில் குறுகி, நடுவே மலை முதுகு உயர்ந்திருக்கும் நிலம் இது. விழுந்த மழை சரிவில் ஓடிச் சில மணி நேரத்தில் கடலில் கலந்துவிடுகிறது. மழைக்காலத்தில் செம்மண் கலங்கிப் பாயும் ஓடை, மாசி, பங்குனியில் கல்லும் மணலுமாகக் கிடக்கும். கலங்கிய காலத்தில் கை நீட்டினால் விரல் தெரியாது. தெளிந்த காலத்திலோ மூழ்குவதற்கு ஆழம் இராது.

ஆறு என்று சொல்லத்தக்கது வட அந்தமானில் உள்ள கல்பொங். 732 மீட்டர் உயரமுள்ள சாடில் பீக் மலைப்பக்கம் தோன்றி, திக்லிப்பூர் வழியாகக் கடலை அடைகிறது. 2001-ஆம் ஆண்டு முதல் அதில் 5.25 மெகாவாட் நீர்மின் நிலையம் ஒன்று இயங்கிவருகிறது. மின் நிலையத்தின் தேக்க நீரில் மூழ்கிப் பழக யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. மதகுக்கு அருகில் நீரின் இழுப்பு மேலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. தென் அந்தமானில் உள்ள தனிக்காரி அணையோ நகரத்தின் குடிநீர். கோடையில் நாம் குழாயடியில் குடத்தோடு காத்திருப்பது அந்த நீருக்காகத்தான். தெற்கே வெகு தொலைவில், பெரிய நிக்கோபாரில் கலாத்தியா என்ற ஆறு ஓடுகிறது. 1845-இல் டென்மார்க்கிலிருந்து உலகைச் சுற்றப் புறப்பட்ட கப்பலின் பெயர் அது. ஆனால் அது ஷோம்பென் மக்கள் வாழும் தீவு. அனுமதியின்றிச் செல்ல இயலாது. ஆற்றில் முதலையும் உண்டு.

முதலை என்றதும் ஒன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். அமராவதி அணையில் நாம் கண்ட முதலை அன்று இது. உப்புநீர் முதலை, முதலை இனங்களுள் மிகப் பெரியது. இதன் பெயரைக் கேட்டுப் பலர் ஏமாந்துபோகிறார்கள். ‘உப்புநீர் முதலைதானே, நன்னீரில் நமக்கென்ன பயம்’ என்று எண்ணுகிறார்கள். உண்மை தலைகீழ். கடலில் நீந்தித் தீவு விட்டுத் தீவு செல்ல வல்ல இம்மிருகம், தங்கி வாழவும் முட்டையிடவும் விரும்புவது கழிமுகம், அலையாத்திக் காட்டு ஓடை, நன்னீர்ச் சதுப்பு ஆகியவற்றையே. அதாவது, புதிதாக மூழ்கப் பழகுபவர் ‘அமைதியான நீர்’ என்று தேடிப் போகும் அதே இடங்களை. கலங்கிய நீரில் நம் கண்ணுக்கு அது தெரியாது. அதற்கு நாம் தெரிவோம். கடலிலும் முழுப் பாதுகாப்பு இல்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக் தீவின் கடற்கரை ஒன்றில் நீரின் மேல் மிதந்து மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண்ணொருவரை முதலை கொன்றது. ஆதலால் எச்சரிக்கைப் பலகை இருக்கும் கரையில் இறங்காதிருப்பதும், ஓடை வந்து கலக்கும் முகத்துவாரத்தை விட்டு விலகி நிற்பதும் கோழைத்தனம் ஆகா.

சிப்பிகாட் வழியாகப் பேருந்தில் போகிறவர்கள் சாலையோரத்தில் அகன்று கிடக்கும் நீர்ப்பரப்பைப் பார்த்திருப்பார்கள். கொக்கும் நாரையும் நிற்கும், அலை இராது, நம் ஊர்க் கண்மாய் போலவே தோன்றும். அது கண்மாய் அன்று. 2004 டிசம்பர் 26-இல் நேர்ந்த நிலநடுக்கத்தில் தென் அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. அதுவரை வயலாக இருந்த நிலத்தில் அன்றுமுதல் கடல் ஏறி இறங்குகிறது. அடியில் வரப்பும் வேலியும் சேறும் கிடக்கின்றன. முதலைக்கு அது புதிய வீடு.

இன்னொரு பகை கண்ணுக்கே தெரியாதது. 1988 முதல் திக்லிப்பூர்ப் பக்கத்தில் மழைக்குப்பின் ஒரு காய்ச்சல் பரவி, நுரையீரலில் இரத்தம் கசிந்து மக்கள் இறந்தனர். காரணம் புரியாமல் ‘அந்தமான் இரத்தக் கசிவுக் காய்ச்சல்’ என்றே அதற்குப் பெயரிட்டார்கள். அது லெப்டோஸ்பைரா என்னும் கிருமியால் வருவது, அதாவது எலிக் காய்ச்சல், என்பது பின்னர் தெரியவந்தது. எலி, மாடு முதலியவற்றின் சிறுநீரோடு தேங்கிய நன்னீரிலும் சேற்றிலும் கலந்து, தோலின் சிறு கீறல் வழியாகவும் கண், மூக்கு வழியாகவும் உடலினுள் புகுகிறது. கடலின் உப்பில் அக்கிருமி நெடுநாள் வாழாது. ஆக, நாம் அஞ்சும் உப்பு இந்த ஒரு விஷயத்தில் நமக்கு நண்பன்.

சரி, நன்னீருக்கும் கடல்நீருக்கும் மூழ்குவதில் என்ன வேறுபாடு? கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ; நன்னீர் 1 கிலோ. கருவிகளோடு ஒருவர் 100 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடலில் அவரை 102.5 கிலோ விசை மேலே தள்ளும். நன்னீரில் 100 கிலோ. இந்த இரண்டரைக் கிலோவுக்கு ஈடாகக் கடலில் கூடுதலாக ஈயத்தை இடுப்பில் கட்ட வேண்டும். சென்னை, புதுச்சேரி முதலிய ஊர்களில் நீச்சல் குளத்தில் பழகிவிட்டு இங்கு வருகிறவர்கள் முதல் நாள் அமிழ மாட்டாமல் தக்கை போல் மிதப்பது இதனால்தான். நீச்சல் குளமும் நன்னீரே அன்றோ! உண்மையில் தொடக்கக்காரருக்குத் தக்க நன்னீர் நிலை அது ஒன்றுதான். அடி தெரியும், ஆழம் தெரியும், கை நீட்டினால் கரை.

கிணற்றில் பழகியவர்கள் கருத்தூன்ற வேண்டிய இடம் இதுவே. கிணற்றில் மூழ்குபவர் என்ன செய்கிறார்? மேலே மூச்சை இழுத்து, அடக்கிக்கொண்டு, அடியில் கிடக்கும் வாளியை எடுத்து வருகிறார். தூத்துக்குடியில் முத்தும் சங்கும் குளித்தோர் தலைமுறை தலைமுறையாகச் செய்ததும் அதுவே. மேலே இழுத்த 6 லிட்டர் காற்று கீழே அழுத்தத்தில் சுருங்கும். திரும்பி வரும்போது பழைய 6 லிட்டராகவே விரியும். கேடில்லை. ஸ்கூபாவில் நிலைமை வேறு. முதுகில் உள்ள உருளையில் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் சாதாரணக் காற்று அடைபட்டிருக்கிறது. (பிராணவாயு மட்டும் என்று பலர் நினைப்பது தவறு.) ஆழத்தில் எவ்வளவு அழுத்தமோ அதே அழுத்தத்தில் அக்காற்றைக் கருவி வாய்க்குத் தருகிறது. 10 மீட்டரில் நுரையீரல் நிறைய 6 லிட்டர் இழுத்தவர், பயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது 12 லிட்டராகும். நுரையீரல் அதைக் கொள்ளாது, கிழியும். காற்றுக் குமிழி இரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறும்.

இங்கேதான் ‘ஆழம் குறைந்த இடம்தானே’ என்ற நினைப்பு ஆளைக் கொல்கிறது. பாயில் என்ற அறிஞர் 1662-இல் வெளியிட்ட விதியைக் கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள். 30 மீட்டரிலிருந்து 20-க்கு வந்தால் காற்று மூன்றில் ஒரு பங்குதான் கூடுகிறது. 10 மீட்டரிலிருந்து மேலே வந்தால் இரட்டிப்பாகிறது. வெறும் 5 மீட்டர்க் குட்டையிலிருந்து வந்தாலும் 6 லிட்டர் 9 லிட்டராகிறது. கடைசிச் சில மீட்டர்களே மிகக் கொடியவை. விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது, தெரிந்தவர் ஒருவரிடம் உருளையை இரவல் வாங்கிக் கல்குவாரியிலோ கிணற்றிலோ இறங்கிப் பார்க்கலாம் என்று எண்ணுபவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை தாளில் எழுதிப் பார்க்கட்டும். ‘மூச்சை அடக்கு’ என்பது கிணறு கற்பித்த பாடம். ‘ஒருபோதும் அடக்காதே’ என்பது ஸ்கூபாவின் முதற்பாடம். பயம் வரும்போது உடல் பழைய பாடத்தையே நினைக்கும். அப்போது கையைப் பிடித்து நிறுத்த ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் வேண்டும்.

அப்படியானால் இங்கே எங்கே பழகுவது? நாம் நன்னீரில் தேடியவை அமைதி, தெளிவு, குறைந்த ஆழம், உடனே கரையேறும் வழி. இந்நான்கும் ஒதுங்கிய கடல் விரிகுடாவில் கிடைக்கின்றன. ஹேவ்லாக்கில் (2018 இறுதியிலிருந்து சுவராஜ் தீவு) நெமோ ரீஃப் என்ற இடத்தில் கரையிலிருந்தே நடந்து இறங்கலாம், படகு வேண்டா. நகரத்துக்கு எதிரே நார்த் பே இருக்கிறது; படகில் சிறிது நேரப் பயணம். நீர் ஆண்டு முழுவதும் சுமார் 28 டிகிரி. இங்கிலாந்துக் குளத்தின் குளிரோடு ஒப்பிட்டால் நாம் பாக்கியசாலிகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்றில் கடல் கொந்தளித்துக் கலங்கும். அந்நாட்களில் முயலாமல், தை, மாசி, பங்குனியில் போவது நலம்.

ஒருநாள் அனுபவ மூழ்கலுக்கு நீச்சல்கூடத் தெரிய வேண்டியதில்லை. ஆசிரியர் பிடித்துக்கொண்டே 12 மீட்டருக்கு மேற்படாமல் அழைத்துச் செல்வார். பட்டயப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். ஆஸ்துமா, காது நோய், இருதய நோய் உண்டா என்று கேட்டு ஒரு தாள் நீட்டுவார்கள். நண்பர்களோடு போகும் உற்சாகத்தில் எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. சளி பிடித்திருந்தால்கூட அன்று இறங்கக் கூடாது. காதினுள் காற்று சமமாகாமல் இரண்டு மூன்று மீட்டரிலேயே வலி தொடங்கிவிடும். கட்டணத்தைக் கேட்குமுன், ஓர் ஆசிரியர் எத்தனை பேரை அழைத்துச் செல்வார் என்றும், படகில் பிராணவாயு இருக்கிறதா என்றும், அழுத்த அறை உள்ள மருத்துவமனை எது என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் கடையில் பணம் கட்ட வேண்டா.

விடுமுறைக்கு முந்தின நாள் மூழ்கிவிட்டு மறுநாள் காலை சென்னை விமானம் ஏறத் திட்டமிடுவோரும் உண்டு. ஆழத்தில் சுவாசித்த காற்றின் நைட்ரஜன் உடலில் கரைந்து நிற்கும். விமானத்தில் அழுத்தம் குறைய, சோடாப் புட்டியைத் திறந்தாற்போல் குமிழியாக வெளிப்படும். ஒரு முறை மூழ்கினால் 12 மணி நேரமும், பலமுறை மூழ்கினால் 18 மணி நேரமும் கழிந்த பிறகே பறக்க வேண்டும். கப்பலில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு வேண்டியதில்லை. மூன்று நாள் பயணத்தில் நைட்ரஜன் என்ன, பாடப் புத்தகத்தில் படித்ததும் வெளியேறிவிடும்.